கைவேலைக்கு ஓர் இடம்

2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளைகளையும் எருதுகளையும் அறுக்கத் தடை வந்தது. பசுவை அறுக்க 1976ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருந்தது. அதை விரிவாக்கி 1995இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், இருபது ஆண்டு கிடப்பில் கிடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அப்போது நடந்த சண்டையெல்லாம் இறைச்சியைப் பற்றியதுதான். யார் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. இறைச்சிக்குப் பின்னால் தோல் இருக்கிறது, அந்தத் தோலை வெட்டித் தைத்துப் பையாகவும் செருப்பாகவும் பெல்ட்டாகவும் ஆக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் குறைவு. மும்பை தாராவியின் தோல் பட்டறைகளில் வேலை சுருங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த காணொளி நாடெங்கும் பரவியது. தோலைத் தொட்டாலே அடி விழும் என்ற பயம் பிழைப்போடு சேர்ந்துகொண்டது.

அந்தத் தடை வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தாராவியின் தோல் தொழிலாளர்களோடு சேர்ந்து ‘சமார் ஸ்டூடியோ’வைத் தொடங்கினார். வடக்கே வசவாகவே புழங்கிவந்த ஒரு சாதிப் பெயரைத் தலைநிமிர்ந்து பையின் மேல் பொறித்தார்கள். தோல் இருந்த இடத்தில் பழைய டயர் ரப்பரை மறுசுழற்சி செய்து எடுத்த தகடு வந்தது. முதலில் பைகள், பிறகு நாற்காலிகள். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த டிசைன் மயாமி கண்காட்சிக்கு அவர்களுடைய நாற்காலி போயிற்று. பாடகி ரிஹானா அதில் உட்கார்ந்திருக்கும் படம் உலகெங்கும் சுற்றியது.

பழைய பொருளிலிருந்து கைவினை என்று பேசும்போதெல்லாம் நாம் பொருளைத்தான் பார்க்கிறோம். டயர் பையாகிவிட்டது, சேலை மெத்தையாகிவிட்டது, பாட்டில் விளக்காகிவிட்டது என்று வியக்கிறோம். ஆனால் டயர் தானாகப் பையாவதில்லை. தோலில் பழகிய கை ரப்பருக்கு மாறுவது சுலபமும் இல்லை. தோலின் ஓரத்தை உளியால் சீவி மெலிதாக்கி, சொல்யூஷன் தடவி மடித்து, சுத்தியலால் தட்டினால் அது படிந்துவிடும். ரப்பர் படியாது. மடித்தால் எழுந்து நிற்கும். தையல் மெஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எண்ணெய் தொட்டோ பவுடர் தூவியோ அதை நகர்த்த வேண்டும். தையல் ஒன்று கோணலாகப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும், அந்தத் துண்டே வீண். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஃபர்மா என்ற வெட்டு அட்டையை வைத்துப் பலமுறை பார்க்கிறார்கள். மடிக்க வேண்டிய ஓரத்தை மடிக்காமல் நேராக வெட்டிவிட்டு, அந்த வெட்டையே அழகாக்குகிறார்கள். இந்த மாற்றத்தைத் தலைமுறைத் தோல் தொழிலாளியின் விரல்கள்தான் கண்டுபிடிக்க முடியும்.

இந்த விரல்களின் கதையில் நம் ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தாராவி என்றால் ‘நாயகன்’, ‘காலா’ என்று படங்களோடு நிற்கிற தமிழ் வாசகருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மித்தி ஆற்றங்கரைச் சதுப்பில் தோல் பதனிடும் கொட்டில்கள் எழுந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும் பகுதி திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய கைப்பழக்கம். தாராவியின் பழைய பள்ளிவாசலான படீ மஸ்ஜித் 1887இல் எழுந்தது. கணேசர் கோயில் 1913இல் வந்தது, அதைக் கட்டியவர்கள் தமிழ் ஆதிதிராவிடர்கள். ஊரார் அருவருத்து ஒதுக்கிய தொழிலில் சம்பாதித்த காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது. மராட்டிய, கன்னட, உத்தரப் பிரதேசத் தோல் சமூகங்களும் அங்கே சேர்ந்தன. தாராவியின் ஒரு சாலைக்குச் சந்த் ரோஹிதாஸ் பெயர், இன்னொன்றுக்குச் சந்த் கக்கையா பெயர். ஒருவர் செருப்புத் தைத்த அடியார், மற்றவர் தோல் பதனிட்ட சமூகத்தில் பிறந்த வீரசைவச் சரணர். சாலைக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு நியாயம் மும்பையில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1971இல் பாந்த்ராவிலிருந்த ஆடு மாடு அறுக்கும் கூடம் தேவ்னாருக்குப் போயிற்று. பக்கத்திலேயே கிடைத்த பச்சைத் தோல் தூரமாயிற்று. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பதனிடும் கொட்டில்கள் ஒவ்வொன்றாக மூடின. தோல் உப்புப் போட்டுச் சென்னைக்குப் போய், பதமாகித் திரும்பி வரத் தொடங்கியது. ஆனால் வெட்டித் தைக்கும் வேலை தாராவியை விட்டுப் போகவில்லை. 2015இல் தோலே அருகியபோதும் போகவில்லை. ரப்பரைப் பிடித்துக்கொண்டது, ரெக்ஸினைப் பிடித்துக்கொண்டது. மூலப்பொருள் இரண்டு முறை கைவிட்டுப் போன பிறகும் ஒரு கைத்தொழில் நிற்கிறதென்றால், அதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். வெட்டுபவர், தைப்பவர், பக்கிள் விற்பவர், ஜிப் விற்பவர், மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், அச்சு அடிப்பவர், சுமை தூக்குபவர் எல்லாரும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தார்கள். இன்று மதியம் ஒரு யோசனை தோன்றினால் சாயங்காலத்துக்குள் மாதிரிப் பை கையில் இருக்கும். இந்த நெருக்கம்தான் தாராவியின் உண்மையான முதல்.

அதே நெருக்கத்தில் இன்னொரு அறிவும் வளர்ந்திருக்கிறது. தேரா கம்பவுண்ட் என்று சொல்லப்படும் 13ஆம் கம்பவுண்டில், நகரம் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு மூடியை எடுத்து விரலால் சுண்டுவார்கள், அதன் ஓசையிலேயே பாதி தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் வளைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மேல் என்றால் ஓரத்தைக் கொளுத்தி முகர்வார்கள். மெழுகுவத்தி அணைந்தது போல வாடை வந்தால் ஒரு குவியல், மூக்கை அரித்தால் வேறு குவியல். தண்ணீரில் போட்டால் சில மிதக்கும், சில மூழ்கும். குடிதண்ணீர் பாட்டில் மூழ்குகிற ரகம், அதன் மூடி மிதக்கிற ரகம். நிறம் வாரியாகவும் பிரித்த பிறகுதான் அரவை, கழுவல், மொட்டைமாடியில் காயப்போடல், உருக்கிக் கம்பியாக இழுத்து நறுக்கித் தானா என்ற மணிகளாக்குதல். பள்ளிப் படிப்பு முடிக்காத ஒரு பெண்ணின் விரல் நுனியில் பாலிமர் வேதியியல் இருக்கிறது. அவள் கையில் கையுறை இல்லை, முகத்தில் நல்ல முகமூடி இல்லை, உருக்கும் அறையில் புகை வெளியேற வழி இல்லை. இதைச் சொல்லாமல் தாராவியின் மறுசுழற்சியைப் புகழ்வது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

கைவினை செய்ய விரும்புகிறவர்கள் அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. முக்கியமாக, எதை எதோடு கலக்கக்கூடாது என்பதை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பள்ளிகளில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ என்று ஒரு போட்டி வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் நடப்பதென்ன? போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி அப்பா ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடிப் புது தெர்மாக்கோல், மினுமினுப்புத் தூள், பசை, ஜிகினா எல்லாம் வாங்கி வருகிறார். நல்ல நிலையில் இருந்த ஒரு பாட்டில் அறுபட்டு, சாயம் பூசி, மினுக்குத் தூள் ஒட்டிப் பூச்சாடியாகிறது. பரிசு வாங்கி, ஒரு மாதம் அலமாரியில் நின்று, குப்பைக்குப் போகிறது. அந்தப் பாட்டில் சும்மா கிடந்திருந்தால் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் எடுத்துப் போயிருப்பார், தேரா கம்பவுண்டில் அதற்கு ஒரு விலை இருந்திருக்கும். பசையும் சாயமும் ஏறிய பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். அது நேரே தேவ்னார் குப்பை மேட்டுக்குத்தான். பொருளை இன்னொரு முறை பயன்பட முடியாதபடி ஆக்கிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைக்கக்கூடாது.

நல்ல மறுசுழற்சிக் கைவேலையை அடையாளம் காண இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒட்டாமல் தைத்திருக்கிறார்களா, பிரித்தால் பொருள் பொருளாக வருகிறதா என்று பார்க்கலாம். ரப்பர் பை பிய்ந்தால் தையலைப் பிரித்து ரப்பரை ரப்பராகவே எடுக்கலாம். நம் பாட்டிமார் பழைய சேலையை அடுக்கித் தைத்த மெத்தை விரிப்பு அப்படிப்பட்டது. மராத்திய வீடுகளில் அதற்கு கோதடி என்று பெயர். கிழிந்தால் மேலே இன்னொரு சேலை. தையல் பட்டறைகளில் மிஞ்சும் சிந்தி என்ற துணித் துண்டுகளைக் கொண்டு தாராவிப் பெண்கள் இன்றும் தைக்கிறார்கள். சயான் மருத்துவமனையின் குழந்தைகள் மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ‘ஸ்நேஹா’ அமைப்பு, 2015இல் தாராவியின் சந்துகளுக்குள்ளேயே ஒரு கலை விழா நடத்தியது. அதில் பெண்கள் தங்கள் பகுதியின் வரைபடத்தைத் துணியில் தைத்து, பெண்கள் மீது வன்முறை நடக்கும் இடங்களை ஊசியால் குறித்தார்கள். போலீஸ் நிலையத்தில் சொல்ல வாய் வராததைத் துணித் துண்டில் சொல்ல முடிந்தது. கைவேலை என்பது அலங்காரத்துக்கு மட்டுமே என்று நினைப்பவர்களிடம் நான் அந்தத் துணியைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

இனி விலை. 1993இல் ஸ்விட்சர்லாந்தின் ஸூரிச்சில் மார்க்குஸ், டேனியல் ஃப்ரைடாக் என்ற சகோதரர்கள், பழைய லாரித் தார்ப்பாய், காரின் சீட் பெல்ட், சைக்கிள் டியூப் ஆகியவற்றைக் கொண்டு தோள்பை தைத்தார்கள். இன்று ஃப்ரைடாக் பை உலகம் அறிந்த பொருள். தார்ப்பாயின் அழுக்கும் கீறலும் அதன் அழகு என்று சொல்லி வாங்குகிறார்கள். தாராவியில் தார்ப்பாய் வெட்டாத நாள் உண்டா, டியூப் அறுக்காத பட்டறை உண்டா? அதே பொருள், அதே தையல். அங்கே அது வடிவமைப்பு, இங்கே அது பங்கார் என்கிற காயலான்கடை வேலை. இந்த வித்தியாசம் பொருளில் இல்லை. செய்கிறவரை நாம் யாராகப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. 2016இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாட்டி இருவரும் ‘டிசைன் மியூசியம் தாராவி’ என்று ஒரு நடமாடும் அருங்காட்சியகம் நடத்தினார்கள். தள்ளுவண்டி அளவே இருந்த அதில் தாராவியில் செய்த பானை, துடைப்பம், தேநீர்க் கோப்பை எல்லாம் வடிவமைப்பாகவே வைக்கப்பட்டன. வெளிநாட்டார் வந்து சொன்ன பிறகுதான் நமக்குத் தெரிய வேண்டுமா என்று கோபம் வருகிறது. அவர்களாவது சொன்னார்களே என்ற நன்றியும் இருக்கிறது.

2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனம் மேடையேற்றிய செருப்பு அச்சு அசலாகக் கோலாப்பூர்ச் செருப்பு போல இருந்தது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஊரின் பெயரும் இல்லை, தைத்தவர்களின் பெயரும் இல்லை. மகாராஷ்டிரமே கொதித்தது, நிறுவனம் இந்தியச் செருப்பிலிருந்து வந்த தூண்டுதல் என்று ஒத்துக்கொண்டது. அந்தக் கொதிப்பு சரியானது. ஆனால் நம் ஊர்க் கடைகளில், நம் ஊர்க் கண்காட்சிகளில், மறுசுழற்சிப் பைக்குப் பின்னாலுள்ள கைகளுக்குப் பெயர் இருக்கிறதா? துணிப்பை தைக்கிற பெண்ணுக்குப் பீஸ் ரேட்தான். அளவெடுத்து வெட்டின துணிக் கட்டு வீட்டுக்கு வரும், தைத்த பை திரும்பிப் போகும். நூல் அவள் செலவு, மின்சாரம் அவள் செலவு, ஊசி உடைந்தால் அதுவும் அவள் செலவு. கடையில் அந்தப் பை தொங்கும்போது அதன் அட்டையில் பூமியைக் காப்பாற்றுவது பற்றி நாலு வரி இருக்கும், அவளைப் பற்றி ஒரு வரி இருக்காது. சமார் ஸ்டூடியோவை நான் மதிப்பதற்குக் காரணம் ரிஹானா இல்லை. செய்கிறவர் யார் என்பதை மறைக்காமல் முன்னால் வைத்ததுதான்.

தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவையும் பார்க்க வேண்டும். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் 1930களிலிருந்து தாராவியில் இருக்கின்றன. தீபாவளிக்கு மும்பை ஏற்றும் அகல்களில் எத்தனையோ அவர்கள் கை பட்டவை. களிமண்ணைவிட இயற்கையான பொருள் ஏது என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய சூளை எரிவது பஞ்சுக் கழிவிலும் துணிச் சிந்தியிலும். அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது குயவர் வீட்டுப் பிள்ளைகள். புகையில்லாச் சூளைக்கு அரசு பணம் போட்டால் ஒரு தலைமுறையின் நுரையீரல் தப்பும். புகை வருகிறது என்பதையே சாக்காக்கிக் குயவரை ஊரை விட்டு அனுப்பினால் அகல் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும், அவ்வளவுதான். மாசு என்ற சொல்லை இன்று தாராவியில் யார், எதற்காக உச்சரிக்கிறார்கள் என்பதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் தாராவி இடிபடப் போகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை எடுத்தது. மாநில அரசும் பங்காளியாக உள்ள கூட்டு நிறுவனத்துக்கு இப்போது நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்று பெயர். 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது, 2025 மே மாதம் முதலமைச்சர் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். 2000 ஜனவரி 1க்கு முன்னால் குடியிருந்ததற்குச் சான்று காட்டுகிற தரைத்தளக்காரருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. தகுதியுள்ள கடைக்கும் பட்டறைக்கும் 225 சதுர அடி வரை இலவசம். பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு. ஒதுக்கிய நிலங்களில் தேவ்னார் குப்பை மேட்டின் 124 ஏக்கரும் உண்டு. குப்பையை அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் என் மனம் ஆறவில்லை. 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமந்த மேடு அது. அந்த மேடு இன்னும் உயராமல் நகரத்தைக் காத்தவர்களைக் கொண்டுபோய் அங்கேயே குடிவைப்பது என்ன நீதி?

ஒழுகும் கூரையும் வரிசைக் கழிப்பறையும் யாருக்கும் பெருமை இல்லை. நல்ல வீடு தாராவிக்காரர்களின் உரிமை, அதை மறுத்து யாரும் பேச முடியாது. ஆனால் தாராவியில் வீடும் பட்டறையும் ஒன்று. கீழே மெஷின் ஓடும், மேலே படுக்கை இருக்கும், மொட்டைமாடியில் தானா காயும், வாசல்படியில் உட்கார்ந்து பெண்கள் நூல் வெட்டுவார்கள். மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கிறவர் ‘தகுதியற்றவர்’ ஆகி முலுண்டுக்கோ தேவ்னாருக்கோ போனால், பக்கிள் கடைக்கும் அவருக்கும் இடையே ஒரு ரயில் பயணம் வந்துவிடும். ஒரு ஜிப் குறைந்ததற்காக அரை நாள் கூலி போகும். பீஸ் ரேட்டில் வாழ்கிறவரால் அது முடியாது. அவர் தொழிலை விட்டுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போவார். மூலப்பொருள் இரண்டு முறை போன பிறகும் நின்ற தொழில், ஆட்கள் சிதறினால் நிற்காது.

திட்டத்தை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. கணக்கெடுப்பில் வீட்டுச் சுவரை அளப்பதோடு, அந்தச் சுவருக்குள் என்ன தொழில் நடக்கிறது, எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்பதையும் எழுத வேண்டும். வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணை இல்லத்தரசி என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது, அவளும் தொழிலாளியாகப் பட்டியலில் ஏற வேண்டும். தோல், ரப்பர், துணி வேலைகளுக்குத் தரைத்தளத்திலேயே பொதுப் பட்டறைக் கூடங்கள் வேண்டும். சரக்குத் தூக்கி வேண்டும், காயப்போட வெயில் படும் மாடி வேண்டும், உருக்கும் அறைக்குப் புகைபோக்கியும் காற்றோட்டமும் வேண்டும். மகாராஷ்டிர அரசிடம் சந்த் ரோஹிதாஸ் பெயரிலேயே தோல் தொழில் கழகம் ஒன்று இருக்கிறது. தோலிலிருந்து ரப்பருக்கு மாறியவர்களையும் அது தன் ஆட்களாகச் சேர்த்துக்கொண்டு, மெஷினுக்குக் கடன் கொடுக்கலாம். 2022இல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் விதிமுறைகளின்படி, பெரிய நிறுவனங்கள் தாங்கள் சந்தைக்கு விடும் உறைகளுக்குப் பொறுப்பேற்றுப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். உரிமம் இல்லாத தேரா கம்பவுண்ட் அறைகளுக்கு அந்தப் பணத்தில் ஒரு பைசாவும் வராது. அவர்களைக் கூட்டுறவாகப் பதிவு செய்ய அரசு கைகொடுத்தால் கையுறையும் முகமூடியும் அந்தக் காசிலேயே வரும்.

மும்பைத் தமிழர்களான நமக்கும் இதில் வேலை இருக்கிறது. மாட்டுங்காவின் சங்கங்களுக்கும் செம்பூரின் சபாக்களுக்கும் கூடமும் செல்வாக்கும் இருக்கின்றன, அங்கே பேசினால் தலைமைச் செயலகமான மந்திராலயத்தில் கேட்கும். தாராவித் தமிழரின் பட்டறை விவகாரம் தாராவித் தமிழரின் கவலை மட்டும் என்று இத்தனை காலம் இருந்துவிட்டோம். கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் தாம்பூலப் பை ஆயிரக்கணக்கில் வாங்குகிறோம். அந்த ஆர்டரைத் தாராவிப் பெண்களின் குழுக்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம், தையல் கூலி எவ்வளவு என்று பேசி, அதைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லலாம். அந்தப் பில்கள் அவர்களிடம் சேரட்டும். கணக்கெடுக்க வருகிறவரிடம் இங்கே தொழில் நடக்கிறது என்று காட்டுவதற்கு அவர்கள் கையில் காகிதம் வேண்டும்.